பார்க்காமலே விலை கேட்பவர்கள்

பழைய துணியை ஆன்லைனில் விற்கிறேன் என்று சொன்னால் எங்கள் சேலம் அம்மாபேட்டையில் முதலில் வரும் கேள்வி, "ஏன், வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்பதுதான். அடுத்தது, "அதையெல்லாம் யாரு வாங்குறாங்க?" கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த மெரூன் பட்டு இன்னும் இருக்குதா?" என்று கேட்பார்கள்.

கஷ்டமெல்லாம் இல்லை. பீரோவில் இடம் இல்லை, அவ்வளவுதான். கொழுந்தனார் கல்யாணம், நாத்தனார் வீட்டுப் புதுமனை, யார் யாருக்கோ சீர் என்று வந்த பட்டுகள், ஒரு தடவை கட்டிவிட்டு மடித்து வைத்த ஃபேன்சி சேலைகள், மகன் ஏற்காட்டில் ஹாஸ்டலில் இருந்தபோது வருடத்துக்கு ஒன்றாக வாங்கிய ஸ்வெட்டர்கள், மகளுடைய பட்டுப் பாவாடைகள். அந்துருண்டை வாசனையில் மூச்சு முட்டியபடி எல்லாம் உள்ளே கிடந்தன. நான் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள். சரக்கு தேங்கினால் காசு தேங்கியதாகத்தான் எனக்குத் தோன்றும். போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

போட்ட அன்றைக்கே செய்திகள் வந்துவிட்டன. "ஹாய்." "அவைலபிளா?" "லாஸ்ட் எவ்ளோ?" நான் 1,800 ரூபாய் போட்டிருந்த சாஃப்ட் சில்க் சேலைக்கு ஒருவர், "300க்கு முடிச்சுக்கலாமா சிஸ்டர்?" என்றார். "முடியாதுங்க" என்றேன். "சரி 320" என்றார். அந்த இருபது ரூபாயை ஏற்றும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் சேலைக்கு விலை குறைத்துக் கேட்பதை அடாவடி என்று தள்ளிவிடவும் முடியாது. பக்கத்திலேயே இளம்பிள்ளை இருக்கிறது. தறி வீடுகளும் மொத்தக் கடைகளும் தெருவுக்குத் தெரு. ஐந்நூறு அறுநூறுக்குப் பிளவுஸ் பிட்டோடு புதுச் சேலை, அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியூரில் ஆயிரத்து நானூறுக்குப் போகிற சேலை இங்கே இந்த விலைதான் என்பது வெளியூர்க்காரருக்குத்தான் தெரியாது. சேலத்துப் பெண்ணுக்குத் தெரியும். அப்படியிருக்க, இன்னொருத்தி கட்டி, ஃபால்ஸ் தைத்து, பிளவுஸ் பிட்டை வெட்டித் தன் அளவுக்குத் தைத்துக்கொண்ட சேலையை 1,800 என்றால் யோசிப்பாள்தான். பிளவுஸ் துணி போனாலே விலையில் ஒரு துண்டு போய்விடும். அதே பார்டருக்குப் பொருந்துகிற துணியைத் தேடிக் கடைவீதியில் அலைந்தவர்களுக்கு இது தெரியும். அதனால் ஃபேன்சி சேலைகளுக்கு நான் விலையே பெரிதாக வைப்பதில்லை. கடையில் இன்று புதிதாக என்ன விலையோ அதில் மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சம் பேசிக் குறைக்க மேலே நூறு இருநூறு. பேசுகிறவருக்கும் குறைத்து வாங்கினோம் என்ற திருப்தி வேண்டும் இல்லையா?

ஆக, குறைந்த விலை என்னை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. அது என்னவென்று பிடிபட, எங்கள் தெருவுக்கு வரும் பாத்திரக்காரம்மாவை ஒரு நாள் உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருந்தது.

தலையில் கூடையோடு வந்து, பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்கிற அம்மாவைத்தான் சொல்கிறேன். சேலத்தில் இன்னமும் வருகிறார்கள். நான் ஒரு பை நிறைய பாலியஸ்டர் சேலைகளைக் கொண்டுவந்து கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாக விரித்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்த்தார். கொசுவம் சொருகும் இடத்தைத் தனியாக விரலால் தடவினார். அங்கேதான் முதலில் நைந்துபோகுமாம். ஓரத்தில் கொலுசு மாட்டி இழுத்த நூலைக் காட்டி, "இதப் பாரு கண்ணு" என்றார். அப்புறம் அந்த முழுப் பைக்கும் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். அநியாயம்தான். "ஏம்மா, இதுல மூணு சேலை புதுசு மாதிரி இருக்குதே" என்று நான் இரண்டை உருவிக்கொண்டு, பெரிய டப்பாவைக் கேட்டேன். அவர் எழுந்து கூடையைத் தூக்கினார். நான் வீட்டுக்குள் போனேன். வாசற்படி வரை போனவர் திரும்பி வந்து, நடுத்தர டப்பாவும் ஒரு கரண்டியும் வைத்தார். முடிந்தது.

அவர் கேட்டது ஆப்பில் வருகிறவர்கள் கேட்பதைவிட அடிமாட்டு விலை. ஆனாலும் எனக்கு அவமானமாக இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்து, குறையைக் காட்டி, அந்தக் குறைக்கு ஒரு விலை வைத்தார். அதோடு, எடுத்துக்கொண்டு போகத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

என் தாத்தா மேச்சேரி ஆட்டுச் சந்தைக்குப் போவார். எங்கள் பக்கத்து மேச்சேரி ஆடு பேர்போன ஆடு. துண்டைக் கையின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். என்ன விலை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எவ்வளவு குறைத்துப் பிடித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விலை படிந்துவிட்டால் அச்சாரம் கை மாறும். அதற்கப்புறம் ஆடு வாங்கியவருடையது. வேறொருவன் வந்து நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்றாலும் தாத்தா திரும்பிப் பார்க்க மாட்டார். வாங்கியவனும் "வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்" என்று நழுவ முடியாது. நழுவினால் அடுத்த சந்தையில் அவனோடு யாரும் துண்டுக்குள் கை விட மாட்டார்கள்.

போனில் இது இல்லை. விலை கேட்பதற்கு ஒரு செலவும் கிடையாது. பஸ்ஸில் போகும்போது, சீரியல் விளம்பர இடைவேளையில், படுக்கப் போவதற்கு முன்னால் பத்துப் பேருக்கு "300?" என்று அனுப்பலாம். நான் "சரி" என்றால் எடுத்துக்கொள்வார் என்று எந்த நிச்சயமும் இல்லை. உண்மையிலேயே சொல்கிறேன், ஒரு தடவை பரிசோதித்துப் பார்க்கவே ஒருவரிடம், "சரிங்க, 300க்கே எடுத்துக்குங்க, எப்ப வர்றீங்க?" என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் ஆளையே காணோம். 300க்கும் அவருக்கு அந்தச் சேலை வேண்டாம். விலை கேட்டுப் பார்ப்பதுதான் வேண்டியிருந்தது.

அதிலிருந்து விலைக்குப் பதில் விலை சொல்வதை விட்டுவிட்டேன். யார் எவ்வளவு கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "எப்ப, எங்க வந்து எடுத்துக்குவீங்க?" நாளும் இடமும் சொல்கிறவரிடம் மட்டும் பேரம் பேசுவேன். ஊருக்குள் இருப்பவரென்றால் நாள் சொன்னாலே போதும். வெளியூரென்றால் நூறு ரூபாய் அச்சாரம் கேட்பேன். இதில் அவர்கள் பக்க நியாயமும் உண்டு. நான் ஏமாற்றுக்காரி இல்லை என்று கிருஷ்ணகிரியில் இருக்கிற ஒருத்திக்கு எப்படித் தெரியும்? வீடியோ காலில் சேலையை முந்தியிலிருந்து உள் முனை வரை விரித்துக் காட்டுவேன். கறை இருந்தால் அங்கே கேமராவை நிறுத்துவேன். பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. பிடித்தால் அச்சாரம்.

அச்சாரம் வாங்கினால் அது என்னையும் கட்டும். ஒரு பச்சைச் சேலையை 900க்குப் பேசி நூறு ரூபாய் வாங்கியிருந்தேன். அன்று ராத்திரியே இன்னொருவர் 1,200 தருகிறேன், காலையில் ஆள் அனுப்புகிறேன் என்றார். "போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தம்மா வராமப் போனா?" என்றார். வந்தார். வராவிட்டாலும் நூறு ரூபாய் லாபம் என்று அவருக்குக் கணக்குச் சொன்னேன், கணக்கெழுதுகிறவள்தானே.

நல்ல பட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு மாதிரி. அங்கே குறைந்தபட்ச விலையை வைப்பது பழைய பட்டு வாங்கும் வியாபாரி. அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. சேலை நைந்து மடிப்பில் கிழிந்தாலும் வெள்ளி எங்கேயும் போவதில்லை. வெள்ளி விலை ஏற ஏற "பழைய பட்டுச் சேலை வாங்குறதுங்கோ" என்ற குரலும் தெருவில் அதிகமாகக் கேட்கிறது. வியாபாரி ஓரத்து ஜரிகையில் ஓர் இழையை உருவிச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வார். வேறு ஏதாவது நூல் தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். முதல் முகம்தான் நமக்கு நல்ல செய்தி. அவர் ஒரு விலை சொன்னதும், அது எரித்து வெள்ளி எடுப்பதற்கான விலை, கட்டிக்கொள்வதற்கான விலை அதற்கு மேல்தான் என்று தெரிந்துவிடுகிறது. என் மெரூன் பட்டுக்கு ஆன்லைனில் வந்த பல விலைகள் இந்த வெள்ளி விலைக்குக் கீழே. "இதுக்கு மேல ஜரிகைக்காரரே குடுக்குறாருங்க" என்று ஒருவருக்கு எழுதினேன். "அப்ப அவருக்கே குடுங்க" என்று பதில் வந்தது. சரியான பதில்தான், எனக்கே பிடித்தது. ஆனால் நல்ல சேலையை எரிப்பதற்குக் கொடுக்க மனசு வரவில்லை. அது காசுக் கணக்கில் சேராது; நான் அதைச் சேர்க்கிறேன்.

பேரமே பேசாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6,500 என்று போட்ட பட்டுக்கு ஒருவர், "ஓகே மேடம், ஃபுல் பேமெண்ட் இப்பவே பண்றேன்" என்றார். சேலையின் நிறத்தைக்கூடக் கேட்கவில்லை. ராணுவத்தில் இருக்கிறாராம், மனைவிக்குப் பிறந்தநாளாம், ஆள் வந்து எடுத்துக்கொள்வாராம். கொஞ்ச நேரத்தில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து என் ரகசிய பின் (PIN) நம்பரைப் போட்டால் பணம் என் கணக்கில் விழுந்துவிடுமாம். நூல் கடையில் நாள் முழுக்க ஜிபே பார்க்கிறேன். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐ பணப்பரிமாற்றத்தை நடத்துகிற என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனால் கியூஆர் கோடை வைத்து ஏமாற்றுவது நிற்கவில்லை. யாராவது சிக்கிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்காமல் சொன்னால் போன பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அதிலிருந்து, பேசாமல் முழு விலைக்குச் சம்மதிக்கிறவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 300 கேட்கிற சிஸ்டர்காரர் எவ்வளவோ மேல்.

ஸ்வெட்டர் கதை தனி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரியில் ஹாஸ்டல் பையன்களுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. சேலத்தில் எவரும் அதைத் தொட மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு அளவு வளர்கிற பையனின் ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் புதிது மாதிரியே கிடக்கும். ஏப்ரல் கடைசியில் போட்டால் கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். கேட்டார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா 450 ரூபாய் ஸ்வெட்டருக்கு 150 என்றார். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு நாளைக்குத்தானுங்க்கா போறோம், அப்புறம் அதை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார். நியாயம்! இதுவரை எனக்கு வந்த குறைந்த விலைகளில் காரணத்தோடு வந்தது இதுதான். "அப்படின்னா 450 குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. திரும்பி இறங்கும்போது குடுத்துட்டீங்கன்னா 350 திருப்பித் தந்துடறேன்" என்றேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேட்டில் காரை நிறுத்தி, அவர் பையன் வாந்தி எடுத்த கதையையும் சொல்லிவிட்டு ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்வெட்டரில் வாந்தி இல்லை, பார்த்துத்தான் வாங்கினேன். அந்த ஸ்வெட்டரை நான் இன்னும் விற்கவில்லை. விற்பதைவிட இது நன்றாக ஓடுகிறது.

கை மாற்றும் இடத்திலும் ஒரு பேரம் காத்திருக்கும். பேசி முடித்து, அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு பேக்கரி வாசலுக்கு வரச் சொல்லி, நானும் ஸ்கூட்டியில் போய் நின்றால், "அக்கா, எங்கிட்ட 700தான் இருக்குது" என்பார்கள். 850க்குப் பேசியிருப்போம். நாம் வெயிலில் வந்துவிட்டோம், வெறுங்கையோடு திரும்ப மாட்டோம் என்ற தைரியம். பையை ஸ்கூட்டி டிக்கியில் திரும்ப வைத்து, "பரவால்லைங்க, இருக்கும்போது வாங்க" என்று சாவியைப் போடுவேன். பெரும்பாலும் அந்த நேரத்தில் பர்ஸின் இன்னொரு அறை திறக்கும். ஒரு கல்லூரிப் பெண் மட்டும் நிஜமாகவே பர்ஸைக் கவிழ்த்துக் காட்டினாள். அவளுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்தச் சேலையில் போட்டோ அனுப்பினாள். பிளவுஸ் கொஞ்சமும் பொருந்தவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தாள்.

குழந்தைத் துணிக்கு மட்டும் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் போட வேண்டும், அதுவும் நன்றாக வளர்ந்த குழந்தை போட்டதாக இருந்தால் நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி பச்சைக் குழந்தைக்கு உறுத்தாது, காரணம் அதுதான். மகள் போட்ட சட்டைகளுக்குப் பேசிய காசுக்கு மேல் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த பாட்டிகூட உண்டு. இதற்கு நேரெதிர், வீட்டுக்காரரின் வெண்பட்டு வேட்டி. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு எல்லாம் இருக்கிறது, தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும், கட்டியது ஒரே ஒரு நாள். ஆனால் இன்னொருவர் தாலி கட்டும்போது கட்டியிருந்த வேட்டியை யாரும் கேட்க மாட்டார்கள். குறைத்துக்கூடக் கேட்கவில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவரும் நிம்மதியாக இருக்கிறார்.

இப்போது போட்டிருப்பது மகளின் பரதநாட்டிய உடை. ஆரஞ்சும் மயில்கழுத்து நிறமும். விசிறி மடிப்பு இன்னும் விறைப்பாக இருக்கிறது. இடது அக்குளில் வேர்வைக் கறை உண்டு, போட்டோவில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2,200 சொல்லியிருக்கிறேன். ஆத்தூரில் நாட்டியம் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சர் இடுப்பு அளவு, உயரம், தையலுக்குள் எவ்வளவு துணி பிரிக்க இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். டேப்பை வைத்து அளந்து சொன்னேன். அக்குள் கறைக்கு 400, கொக்கி மாற்ற 100 கழித்துக்கொண்டு 1,700 என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறாராம். கொக்கிக்கு நூறெல்லாம் ஆகாது, நானே தைத்து வைத்துவிடுகிறேன், 1,800 என்று எழுதியிருக்கிறேன். யோசிக்கிறார்.